ஜெசியின் தங்கை

தலையை ஆட்டிவிட்டாள். அவ்வளவுதான். வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை. ஆனால் ஆட்டிய தலையைத் திரும்ப வாங்க முடியாது என்பது, மாடிப்படி வளைவுக்கு ஓடி வந்து உட்கார்ந்த பிறகுதான் ஷெர்லினுக்கு உறைத்தது.

பதினாறு வயதுப் பிள்ளை. துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. மேலே வார்டில் அம்மா எதையோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. அம்மா பாடி அவள் கேட்டதே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

முத்துமாரி தேடிக்கொண்டு இறங்கி வந்தாள். அந்த ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளுக்கும் துணைக்கு வந்தவர்களுக்கும் ஆலோசனை சொல்பவள். யாரையும் அதட்டாத, ஆனால் யாரும் மீறாத குரல் அவளுக்கு.

"இங்கன வந்து உக்காந்திருக்கியா. சொல்லிட்டியாட்டி?"

"இல்லக்கா."

"பின்ன எதுக்கு இந்த ஓட்டம்?"

"அம்மா என்னைய உத்துப் பாத்தா. 'ஏட்டி, நீ ஜெசி தங்கச்சிதான'ன்னு கேட்டா. நான் தலையாட்டிட்டேன்."

முத்துமாரி அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"யாரு ஜெசி?"

"தெரியல. ஹாஸ்டல்ல கூடப் படிச்சவங்க போல."

"நேத்து உனக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"'நான் உங்க மக'ன்னு மொதல்ல சொல்லணும். பேரு அப்புறம். அழக் கூடாது. அவங்களா கைய நீட்டினாத்தான் பிடிக்கணும்."

"எல்லாம் ஒப்பிக்க மட்டும் தெரியுது."

"அம்மா சிரிச்சாக்கா."

"என்ன?"

"என்னையப் பாத்துச் சிரிச்சா. பல்லு தெரிய. எனக்கு வாய் வரல."

முத்துமாரி நெற்றியைத் தேய்த்தாள். "சரி. இந்த வாரம் முடியிற வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா நாள் போகப் போக இறுகிரும். ஈரச் சிமெண்ட்ல நாய் நடந்தா தடம் அப்படியே நிக்குதுல்லா, அந்த மாதிரிதான் இப்ப அவ மனசு. யாரு எத மொதல்ல சொல்லுதாவளோ, அதுவே அவளுக்குச் சொந்த ஞாபகமாயிரும். நீ ஜெசி தங்கச்சின்னு ஒரு தடம் விழுந்தாச்சு. அதைச் சீக்கிரம் அழி."

அம்மாவுக்குப் போட்ட ஊசிக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. வேரூசி என்றார்கள். மாத்திரை கிளையை வெட்டுகிறது, இது வேரைப் பிடுங்குகிறது என்று டாக்டர் முதல் நாள் சொல்லிப் புரியவைத்ததில் வந்த பெயர்.

ஷெர்லினின் அம்மா புஷ்பலீலா மகள் வயிற்றில் இருந்த நாளிலிருந்து மாத்திரை சாப்பிட்டு வந்தவள். மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. ரத்தத்தில் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு எச்.ஐ.வி.யை அடக்கி வைத்தது. பிறந்த குழந்தைக்கு ஒட்டாமல் காத்தது. நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக அவள் ஒரு நாள் லீவு போடாமல் போய்வந்தாள். அதற்குக் கூலியும் மாத்திரை வாங்கிக்கொண்டது. முதல் மாத்திரையில் தலைசுற்றலும் விடியும்வரை கெட்ட கனவும். அடுத்ததில் உடம்பு ஊதியது. அதற்கு அடுத்ததில் சிறுநீரகம் கெட ஆரம்பித்தது. மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் கொடுக்க வேறு மாத்திரை இல்லை என்று ஆன நாளில்தான் டாக்டர் வேரூசியைப் பற்றிப் பேசினார்.

"வைரஸ் ரத்தத்துல மட்டும் இல்லம்மா. மூளைக்குள்ள காவலுக்கு இருக்கிற செல்லுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கும். மாத்திரை அங்க எட்டாது. இந்த ஊசி அந்த செல்லையே கழற்றிட்டுப் புதுசு வளர வைக்கும். நோய் சுத்தமாப் போயிரும். ஆனா அந்த செல்லுங்க சும்மா உக்காந்திருக்கல. வைரஸ் உள்ள நுழைஞ்ச நாள்லேருந்து நீங்க பாத்தது, கேட்டது எல்லாத்தையும் முடிச்சுப் போட்டு வச்சிருக்கிறது அதுதான். அதுவும் கூடவே போயிரும்."

"அதுக்கு முந்தினது?"

"அது பழைய முடிச்சு. அவிழாது."

அதாவது, நோய் வந்த நாள்வரைக்கும் ஞாபகம் இருக்கும். அன்றோடு சரி. இந்தப் பக்கவிளைவை ஊர் எப்படிப் பயன்படுத்தும் என்று மருந்து கண்டுபிடித்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ஊசி போட்டவளைச் சுற்றி இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து, கடைசியாக என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்பது ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது. கல்யாணம் ஞாபகம் இருந்தால் நோய் புருஷன் கொண்டுவந்தது. இல்லையென்றால் இவள் கொண்டுவந்தது. பாயை விரித்து, பெரியவர்களைக் கூட்டி, காபி கொடுத்துக் கேட்டார்கள். ஓர் ஊரில் பதில் சொன்ன பெண் அன்று இரவே கிணற்றில் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் சட்டம் போட்டார்கள். ஊசி போட்டவளைத் துணை என்று ஒரே ஓர் ஆள் மட்டும் பார்க்கலாம். இழந்த வருடங்களை அந்தத் துணைதான் சொல்ல வேண்டும். கடைசி ஞாபகம் எதுவென்று துணை தவிர யாருக்கும் தெரியக் கூடாது.

புஷ்பலீலா துணையாகக் காட்டியது மகளை.

ஊசிக்கு முந்தின நாள் சாயங்காலம், சீவிய தலையை மறுபடி சீவிக்கொண்டே அவள் சொன்னாள்: "எல்லாத்தையும் சொல்லு. எனக்குக் கோவம் வரும், கைநீட்டுவேன், அதையும் சொல்லு. ஆனா அந்தாள மட்டும் நல்லவனா ஆக்கிராத. அந்தக் கோவம் எனக்கு வேணும். அதுலதான் இத்தன வருசம் மாத்திரைய முழுங்கினேன்."

அந்த ஆள் என்றால் ஷெர்லினின் அப்பா. தனசிங். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணியில் சமையல்காரர். கரைக்குக் கரை பெண் வைத்திருந்து, நோயைக் கொண்டுவந்து மனைவிக்குக் கொடுத்தவர் என்பது குடும்பத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. கைக்குழந்தையோடு புஷ்பலீலா அவரை வீட்டைவிட்டுத் துரத்தினாள். வருடத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு வாசலில் வந்து நிற்பார். அம்மா கதவைத் திறந்து, தெருவே கேட்கத் திட்டிவிட்டுச் சாத்துவாள். ஷெர்லின் ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். ஒரு நாளும் அப்பா என்று கூப்பிட்டதில்லை.

இன்று காலை தலையை ஆட்டியதோடு விஷயம் முடியவில்லை. முத்துமாரியிடம் அவள் சொல்லாதது ஒன்று இருந்தது.

"உங்கக்கா வரலியா? சரி, நீ உக்காரு. உங்கிட்டயாவது சொல்லுதேன், இல்லன்னா எனக்குத் தலை வெடிச்சிரும்" என்று அம்மா கட்டிலில் இடம் விட்டாள். முப்பத்தொன்பது வயது உடம்பு, ஊதிய முகம், அதற்குள்ளிருந்து இருபது வயதுக் குரல். "ராபின்சன் இருக்காவல்லா, எங்க காலேஜுக்கு எதுத்தாப்புல செல்போன் கடை. நாங்க மணப்பாடு போனோம்ட்டி. திரும்பி வாரப்ப பேய் மழை. பஸ் இல்ல. அவிய அக்கா வீட்ல தங்கிட்டு விடிஞ்சு வந்தோம். நனைஞ்சதுலதான் இந்தக் காய்ச்சல். உடம்பெல்லாம் எப்படி வீங்கியிருக்கு பாரு. எங்கம்மா கொன்னாலும் சரி, இனி நான் அவியளத்தான் கெட்டுவேன்."

சொல்லிவிட்டு முகத்தைக் கையால் பொத்திச் சிரித்தாள். அந்த மழையோடு அவள் உலகம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு கல்யாணம் இல்லை. தோணிக்காரன் இல்லை. ஷெர்லின் இல்லை.

கீழே டீக்கடை வாசலில் கிருபா அத்தை காத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. கையில் தூக்குவாளி.

"வா மக்கா. எப்படி வாடிப்போயிட்ட. இடியாப்பம் கொண்டாந்திருக்கேன், சாப்பிடு." அவள் சாப்பிட ஆரம்பிக்கும்வரை பொறுத்தாள். "என்ன சொல்லுதா உங்கம்மா? எதுவரைக்கும் ஞாபகம் இருக்காம்?"

"சொல்லக் கூடாது அத்தை."

"நான் என்ன ஊராளா? எந்தம்பி சொந்த வீட்டு வாசப்படி மிதிச்சு எத்தன வருசமாச்சு. தோணிக்காரன், தோணிக்காரன்னு கோயில்ல எங்கள ஒரு மாதிரி பாத்தாவளே, கேக்க நாதியிருந்துச்சா? கல்யாணம் ஞாபகம் இருக்கா இல்லயா. அத மட்டும் சொல்லு. வாயால சொல்லாண்டாம். தலைய ஆட்டு, போதும்."

ஷெர்லின் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். ஒருமுறை ஆட்டியது போதாதா.

"அப்ப ஞாபகம் இல்ல" என்றாள் அத்தை.

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"இருந்தா நீ சந்தோசமா சொல்லியிருப்ப, 'உங்க தம்பிதான்'னு. உங்கம்மா மகதான நீ." அத்தை தூக்குவாளியை மூடினாள். "அந்த வீடு எங்கய்யா கெட்டினது. அவ டிஸ்சார்ஜ் ஆகி வரட்டும். பெரியவங்கள வச்சு நாங்களே கேக்கோம். யாரு உள்ள இருக்கணும், யாரு வெளிய போவணும்னு அன்னைக்குத் தெரிஞ்சிரும்."

சற்றுத் தள்ளி, ஆஸ்பத்திரி கேட்டை ஒட்டிய வேப்பமரத்தடியில் தனசிங் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. மேலே ஏதோ ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். கதவைத் திறந்த உடனே அம்மாவின் கை சட்டென்று அசைந்தது. நர்ஸ் கொடுத்த சத்து மாத்திரையைத் தொடைக்கு அடியில் தள்ளி மறைத்தது. மறைத்த பிறகு அம்மாவே அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன கூத்துட்டி? உன்னையப் பாத்த ஒடனே ஒளிச்சு வைக்கச் சொல்லுது. நான் என்ன திருட்டு மாத்திரையா திங்கேன்?"

அம்மா சிரித்தாள். ஷெர்லினும் சிரிக்கப் பார்த்தாள். பத்தாம் வகுப்புவரைக்கும் அம்மா சாப்பிடுவது தைராய்டு மாத்திரை என்றுதான் அவள் நம்பியிருந்தாள். டப்பாவில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டு, உள்ளே மாத்திரை குலுங்காமல் பஞ்சு அடைத்து, மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருப்பாள். மகள் அடுக்களைக்குள் நுழைந்தால் அந்தக் கை இப்படித்தான் அசையும். மகள் ஞாபகத்திலிருந்து போய்விட்டாள். கை மட்டும் மறைத்துக்கொண்டிருந்தது.

"உனக்கு மக்ரூன் பிடிக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"எங்க வீட்ல வாங்க மாட்டாங்க."

"தூத்துக்குடில இருந்துக்கிட்டு மக்ரூன் வாங்காத வீடா? என்ன சென்மங்க." தன் வீட்டைத்தான் திட்டுகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. "அவிய வாங்கித் தருவாவ. பேப்பர்ல சுத்தி. பஸ்ல ரெண்டு பேரும் நொறுக்கித் தின்னு, சீட்டெல்லாம் வெள்ளையாயிரும்."

பிறகு ஷெர்லினைத் திரும்பி உட்காரச் சொல்லி, பின்னலை அவிழ்த்துவிட்டுப் புதிதாகப் பின்னினாள். வலிக்காமல் பின்னினாள். வீட்டில் அம்மா பின்னினால் கண்ணில் நீர் வரும், அசைந்தால் சீப்பாலேயே ஒரு குட்டு. இந்தப் பெண் கதை கேட்டாள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பையன் பார்க்கிறான், எந்த டீச்சரைப் பிடிக்காது, ராத்திரி தூக்கம் வராமல் எதை நினைத்துக்கொண்டிருப்பாய் என்றெல்லாம் கேட்டாள். ஷெர்லின் சொன்னாள். அம்மாவிடம் ஒருநாளும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல வயிறு குளிர்ந்தது. இவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. குட்டு வைக்கும் அந்த அம்மா செத்துவிட்டாள். புதைக்க உடம்பு இல்லை. ஜெபம் பண்ண ஆள் வரவில்லை. அவள் இப்போது ஷெர்லினின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறாள். வாய் திறந்து சொன்னால் அவளைத் திரும்பக் கொண்டுவரலாம். சொன்னால் இந்தப் பெண் போய்விடுவாள்.

அன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்தவள் நேராக வேப்பமரத்தடிக்குப் போனாள். பக்கத்தில் பார்த்தால் தனசிங் நினைத்ததைவிட வயதானவராக இருந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது. அவள் வருவதைப் பார்த்து ஓர் அடி பின்னால் வைத்தார், திட்டு வாங்கிப் பழகியவர் போல.

"எதுக்கு இங்க நிக்கீங்க?"

"சும்மாதான் மக்கா."

"அத்தைட்ட நான் ஒண்ணும் சொல்லல. அவங்களா எதையோ நெனச்சுக்கிட்டாங்க."

"அக்காவ நான் பாத்துக்கிடுதேன். நீ யார்ட்டயும் சொல்லாத." பிறகு கேட்டார்: "மழையப் பத்திச் சொன்னாளா? மணப்பாடு?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முந்தியே எங்கிட்ட சொல்லிட்டா. ராபின்சன்னு ஒரு பையன். வீட்ல சம்மதிக்கல, அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான்னு. மறைக்கல அவ." மரத்தில் ஊர்ந்த எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீ வயித்துல இருக்கும்போது அவளுக்கு டெஸ்ட் எடுத்தாவ. மறுநா எனக்கு எடுத்தாவ. எனக்கு ஒண்ணும் இல்லன்னுட்டாவ. திரும்ப எடுத்தாவ. அப்பவும் இல்ல."

"அப்ப எப்பதான் உங்களுக்கு வந்துச்சு?"

"வரல மக்கா. இன்னைக்கு வரைக்கும் இல்ல."

தெருவில் ஒரு ஆட்டோ நெடுநேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"அவ சுவத்தப் பாத்துப் படுத்துக்கிட்டா. சோறு இல்ல, தண்ணி இல்ல. மாத்திரைய வாங்கித் துப்பினா. நான்தான் பாவி, நான்தான் பாவின்னு அதே பேச்சு. எங்க வீட்ல வேற மோப்பம் பிடிச்சிட்டாவ. வயித்துப் பிள்ளையோட வெளிய தள்ளிருவாவன்னு பயம். ஒருநாள், 'எனக்கும் இருக்கு, என்னாலதான் உனக்கு வந்துச்சு'ன்னு சொல்லிட்டேன். எந்திரிச்சு உக்காந்தா. என்னைய அடிச்சா. அடிச்சு முடிச்சிட்டு மாத்திரைய எடுத்து வாயில போட்டா. சரி, இந்தப் பொய் கேக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. பொறவு நிறுத்த முடியல."

"ராபின்சன்?"

"அவனுக்கே இருக்குன்னு தெரியாது. தெரிஞ்சு டெஸ்ட் எடுக்கதுக்கு முந்தியே செத்துட்டான். நான் போய் விசாரிச்சேன். நல்ல பையன்னுதான் சொன்னாவ."

ஷெர்லின் அவர் முகத்தையே பார்த்தாள். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து எத்தனை கிறிஸ்துமஸ் இந்த முகத்தை வெறுத்திருப்பாள்.

"இப்ப நான் அம்மாகிட்ட என்ன சொல்லணும்?"

"நான்தான்னு சொல்லு. பழையபடியே."

"எதுக்கு? இப்பத்தான் நோயே இல்லியே. யாரு குடுத்தாங்கங்கிறதே இனி வேண்டாமே. உண்மையச் சொல்லுதேன். நீங்க வீட்டுக்கு வந்துரலாம்."

"உண்மையச் சொன்னா? அவ ஆசப்பட்டவன் செத்துப்போயிட்டான், அவன்தான் குடுத்தான்னு சொல்லுவியா? போன வாரம் மழையில நனைஞ்சிட்டு வந்தவ அவ. தாங்குவாளா?"

"அப்ப ஒண்ணுமே சொல்லல. ஜெசி தங்கச்சியாவே இருந்துக்கிடுதேன்."



"நீ சொல்லலன்னா அவளுக்கு என்னையத் தெரியாதுல்லா" என்றார் தனசிங்.

ஷெர்லினுக்கு முதலில் புரியவில்லை.

"வருசத்துக்கு ஒருக்க வருவேன். கதவத் தொறப்பா. எம்மூஞ்சியப் பாத்துத் திட்டுவா. அந்த நேரத்துல அவளுக்கு வேற ஒரு நெனப்பும் இருக்காது, நான் மட்டுந்தான். அதுக்குத்தான் மக்கா நான் கரைக்கே வாரது." குரல் இறங்கியது. "வெறுத்தா வெறுத்துட்டுப் போறா. யாருன்னே தெரியாத ஆளாப் பாத்துட்டுப் போயிட்டான்னா என்னால முடியாது."

அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. அம்மாவைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா, அம்மாவைப் பிடித்துவைத்துக்கொள்ளச் சொன்ன பொய்யா. அவருக்கே தெரியுமோ என்னவோ.

அன்று இரவு துணைக்கு வந்தவர்கள் படுக்கும் அறையில் விளக்கை அணைத்த பிறகு, ஷெர்லின் முத்துமாரியின் மேஜைக்குப் போய் நின்றாள். நைட் டியூட்டி. மெதுவாக, பெயர்களைச் சொல்லாமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கடைசி ஞாபகம் எதுவென்பதை மட்டும் சொல்லவில்லை. முத்துமாரியும் கேட்கவில்லை.

"பயமா இருக்குக்கா. நான் எதைச் சொன்னாலும் அது அம்மாவா ஆயிரும்."

"ஆமா."

"நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?"

"நான் சொல்ற இடத்துல இருந்ததில்லட்டி. கேட்ட இடத்துலதான் இருந்திருக்கேன்." முத்துமாரி தன் முன்கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கைக்கு உள்பக்கம் ஊசி போட்ட இடத்தில் வட்டமாக ஒரு வெளுத்த தழும்பு. "எனக்குத் துணை எங்க வீட்டுக்காரர். கல்யாணம் பண்ணின கதை, பிள்ள பிறந்து தவறின கதை, நான் அவரோட சண்டையே போட்டதில்லங்கிற கதை, எல்லாம் அவர் சொன்னதுதான். கண்ண மூடினா அப்படியே படம் மாதிரி தெரியும். நல்ல மனுசன். இன்னைக்கும் என்னையத் தாங்குதாரு."

"அப்ப நல்லதுதான?"

"அவர் அந்தப் பக்கம் கையத் தூக்கினா நான் இந்தப் பக்கம் தலையக் குனியுதேன். சும்மா ஃபேன் சுவிட்ச் போடத்தான் தூக்குவாரு. ஆனா குனியுதேன்." அவள் சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "எதுக்குக் குனியுதேன்னு யார்ட்ட போய்க் கேக்கட்டும்? தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான். போ, போய்ப் படு. விடிஞ்சா வாரத்தோட கடைசி நாள்."

ஷெர்லின் படுத்தாள். தூங்கவில்லை. 'நான் உங்க மக' என்று இருட்டுக்குள் வாயசைத்துப் பார்த்தாள். அதற்கு அடுத்த வாக்கியம் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. மக என்றால் அப்பா யாரென்று கேட்பாள். கேட்காமல் இருப்பாளா?

காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். எது வந்தாலும் முதல் வாக்கியத்தைச் சொல்லிவிடுவது, மீதியைச் சொல்லும்போது பார்த்துக்கொள்வது என்று முடிவு பண்ணியிருந்தாள். கதவைத் திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அம்மா ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த மங்கல் தாளை நகத்தால் சுரண்டி, ஒரு கண் பார்க்கிற அளவுக்கு இடம் பண்ணியிருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள் ஷெர்லின்.

"இரு. மொதல்ல நீ இங்க வா."

அம்மாவின் குரலில் நேற்றைய சிரிப்பு இல்லை. ஷெர்லின் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சுரண்டிய இடத்தில் கண்ணை வைக்கச் சொன்னாள். பிடி இறுக்கமாக இருந்தது. வலித்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த பிடி அது.

கீழே கேட்டுக்கு உள்ளே வேலையாட்கள் வரிசையாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தனசிங் நின்றுகொண்டிருந்தார். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். புதுச்சட்டை.

"அந்த ஆளத்தான். எனக்கு அவரைத் தெரியாது. சத்தியமா இதுக்கு முன்ன அந்த மூஞ்சியப் பாத்ததே இல்ல. காலையில எதேச்சையா கண்ணுல பட்டாரு. பட்ட ஒடனே அடிவயித்துல இருந்து பத்திக்கிட்டு வருதுட்டி. கதவத் தொறந்து, தெரு கேக்கத் திட்டணும் போல இருக்கு. திட்ட என்ன இருக்குன்னு தேடுதேன், உள்ள ஒண்ணுமே இல்ல." அம்மா மூச்சு வாங்கினாள். ஊதிய கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, அது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. "அவரும் என்னையத்தான் பாக்காரு. தெரிஞ்ச மாதிரி பாக்காரு. நீ வெளிய போய் வாரவதான, உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஷெர்லின் கண்ணை எடுக்காமல் நின்றாள். கீழே அவர் மெதுவாகக் கையைத் தூக்கி, ஆட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். மணிக்கட்டில் அம்மாவின் விரல்கள் இன்னும் இறுகின.

"சொல்லு பிள்ள. அந்த மனுசன் எனக்கு அப்படி என்ன செஞ்சாரு?"